ஐந்தரை மணி நேரம்

பிப்ரவரி 17, திங்கள்

இன்று மட்டும் சர்வர் மூன்று முறை படுத்துவிட்டது. எழுப்பி உட்கார வைத்தால் பத்து நிமிடம் நிற்கிறது, மறுபடி சாய்கிறது. ஏன் என்று தெரியவில்லை. ஜி.எம். கூப்பிட்டனுப்பினார்.

"ஏன் விழுந்துச்சுன்னு ஒனக்கே தெரியாதுன்னா நீ எதுக்குய்யா இருக்க?"

நியாயமான கேள்விதான். இந்த நூல் மில்லில் நான் ஒருவன்தான் புரோகிராமர். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் "சகாயராஜைக் கூப்பிடு" என்பார்கள். ஆனால் விழுந்தது பிரிண்டர் இல்லை, குறைப்பெட்டி. விடுதியில் தங்கி வேலை பார்க்கும் நானூறு பெண்களும் தங்கள் குறைகளை எழுதிப் போட நான் கட்டிய வெப்சைட். எழுதியவர் பெயரைக் கேட்காது, நேரத்தைக் குறித்து வைக்காது. எழுதியது மட்டும் ஜி.எம்.முக்கு மெயிலாகப் போகும். போன மாதம் விடுதி ஹாலில் மைக்கைப் பிடித்து நானே சொன்னேன்: "யாரு எழுதுனாங்கன்னு எனக்கே தெரியாதும்மா. தைரியமா எழுதுங்க." கை தட்டினார்கள்.

நாலு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே கூச்சல். ஷிஃப்ட் சூப்பர்வைசர் கண்ணப்பன் அண்ணன் குடோன் ஆள் ஒருவரை முற்றத்தில் தள்ளிப் பெல்ட்டால் அடித்துக்கொண்டிருந்தார். பஞ்சு மூட்டையை நனைய விட்டுவிட்டாராம். அந்த ஆள் முகத்தை மறைக்கக் கையைத் தூக்க, பெல்ட் முழங்கையைச் சுற்றிக்கொண்டது. அண்ணன் அதை உருவினார். தோலும் கூடவே வந்தது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு வேலையைப் பார்த்தேன்.

பிப்ரவரி 19, புதன்

லாகிங் போட்டாயிற்று. முதல் நாளே செய்திருக்க வேண்டியது, சோம்பேறித்தனம்.

சர்வர் தனக்கு நடப்பதைத் தானே எழுதிக்கொண்டு போவதுதான் லாகிங். யார் கதவைத் தட்டினார்கள், எந்தக் கணினியிலிருந்து, எத்தனை மணிக்கு, என்ன கொண்டுவந்தார்கள், எங்கே தடுக்கி விழுந்தோம், எல்லாம் ஒரு ஃபைலில் வரிவரியாகச் சேரும். வெப்சைட் கட்ட நான் பயன்படுத்தும் ஃப்ரேம்வொர்க்கில் இதற்கு ஐந்து படிகள். டீபக் என்றால் தும்மினால்கூட எழுதும். இன்ஃபோ என்றால் சாதாரணச் செய்தி. அதற்கு மேல் வார்னிங், அப்புறம் எரர். கடைசிப் படி கிரிட்டிக்கல், வீடு பற்றி எரிகிறது என்று அர்த்தம். நாம் எந்தப் படியில் வைக்கிறோமோ அதுவும் அதற்கு மேலுள்ளவையும்தான் பதிவாகும். நோய் என்னவென்று தெரியாததால் டீபக்கில் வைத்தேன். எதுவும் தப்பாது.

லாக்கை யாராவது வெளியே எடுத்தால், எடுத்தவர் பெயரோடு அதுவும் லாக்கில் விழும்படி செய்திருக்கிறேன். யாரும் சொல்லாமல் நானாகச் செய்தது. கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது.

சர்வர் அறையில் கேபிளைக் கடித்துக்கொண்டிருந்த பெருச்சாளி இன்று மாட்டியது. இரும்புக் குழாயால் மூன்று அடி. முதல் அடியில் கத்தியது. இரண்டாவதில் முதுகு ஒடிந்தது. மூன்றாவது தேவையே இல்லை, ஆனாலும் அடித்தேன். ஈரத் துணியைக் கல்லில் அறைகிற சத்தம். கை வெகுநேரம் சூடாக இருந்தது.

இந்த நோட்டுக்கும் அதே ஐந்து படிகளை வைக்கப் போகிறேன். இன்றைய படி: இன்ஃபோ.

பிப்ரவரி 20, வியாழன்

சர்வர் விழவில்லை. இன்ஃபோ.

பிப்ரவரி 24, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். குறையை ஐந்நூறு எழுத்துக்கு மேல் எழுதினால் சர்வர் விழுகிறது. நான் வைத்த அளவு. தண்ணீர் வரவில்லை, சாம்பாரில் பூச்சி, இதற்கெல்லாம் ஐந்நூறு எழுத்து தாராளம் என்று நினைத்திருந்தேன்.

லாக்கில் அவர்கள் எழுதியது முழுவதும் இருந்தது. படித்தேன். தண்ணீரைப் பற்றி யாரும் ஐந்நூறு எழுத்தைத் தாண்டவில்லை. தாண்டியதெல்லாம் அடி. நூல் சுற்றும் கோனால் மண்டையில் அடித்தது, வயிற்றில் உதைத்தது, உதைத்த பிறகும் ஷிஃப்ட் முடியும்வரை நிற்க வைத்தது. நீளமாக எழுதியதெல்லாம் ஜி.எம்.முக்குப் போகாமலே சர்வரைக் கவிழ்த்துவிட்டிருக்கிறது.

அளவை எடுத்துவிட்டேன். இனி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். டீபக்கிலிருந்து வார்னிங்குக்கு மாற்ற வேண்டும். நாளை பார்த்துக்கொள்ளலாம். வார்னிங்.

மார்ச் 4, செவ்வாய்

பெரிய குறை ஒன்று வந்திருக்கிறது. ஏழாம் நம்பர் மெஷினில் நூல் அறுந்ததற்காகக் கண்ணப்பன் அண்ணன் ஒரு பெண்ணின் முடியைப் பிடித்து நெற்றியை மெஷின் ஃபிரேமில் மோதியது பற்றி. கடைசி வரி இப்படி: "ரத்தம் பஞ்சுல பட்டுருச்சுன்னு மறுபடியும் மோதுனாரு."

சர்வர் விழாமல் முழுதாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நான்கைந்து முறை படித்ததில் மனப்பாடமாகிவிட்டது. எரர்.

மார்ச் 5, புதன்

ஜி.எம். அந்த மெயிலைக் கண்ணப்பன் அண்ணனிடமே காட்டிவிட்டாராம்.

மதியத்துக்கு மேல் அண்ணன் என் அறைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரையைப் பார்த்தார். மூன்று வருடத்தில் என் வேலையை உட்கார்ந்து பார்த்த முதல் ஆள். "இம்புட்டும் நீயா பண்ணுனது? கில்லாடிதான்டா நீ" என்றார். சில விவரங்கள் கேட்கப்பட்டன. விவரங்கள் தரப்பட்டன. விடுதிப் படிப்பறையின் ரெஜிஸ்டரும் பார்க்கப்பட்டது. அங்கே மூன்று கணினிகள் உண்டு. யார், எந்தக் கணினி, வந்த நேரம், போன நேரம் என்று வாசல் நோட்டில் எழுதிவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

டீ வாங்கிக் கொடுத்தார். இன்ஃபோ.

மார்ச் 6, வியாழன்

காலையிலிருந்து தூறல், நல்ல குளிர்ச்சி. ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு லாக் ரொட்டேஷன் வேலையை முடித்தேன். பத்து நாளுக்கு மேல் பழைய லாக் தானாக அழிந்துவிடும். டிஸ்க் நிரம்பாது.

பதினோரு மணிவாக்கில் செல்லக்கனி என்ற பெண்ணுக்கு நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் கை மாட்டிக்கொண்டதாகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. மதியம் கேன்டீனில் புளிக்குழம்பு. இன்ஃபோ.

மார்ச் 7, வெள்ளி

என் மனைவி அமலி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் அந்தப் பெண்ணைக் கொண்டுபோயிருக்கிறார்கள். அமலி நர்ஸ். வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"ஏங்க, ஒங்க மில்லுல மெஷினுக்குக் கை இருக்கா?"

"என்ன சொல்ற?"

"மெஷின்ல மாட்டுனா சதை பிஞ்சு வரும். இது மேல இருந்து அடிச்ச அடி. கைய எது மேலயோ வச்சு, கம்பிய வச்சு அடிச்சிருக்காங்க. ஒருக்கா இல்ல, மூணு தரம். நாலு வெரலும் பொடியாக் கெடக்கு."

அவள் கையிலிருந்த பையை வாங்கி வைத்தேன்.

"சங்கரன்கோயில் பக்கமாம். அழுதுக்கிட்டே ஒண்ணையேதான் சொல்லுது. 'நான் எழுதல அக்கா, அக்கா புள்ள போட்டோ பாக்கத்தான் கம்ப்யூட்டர் ரூமுக்குப் போனேன், நான் எழுதவே இல்ல'ன்னு. எத எழுதலங்கிறா, ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். வார்னிங்.

மார்ச் 8, சனி

காலையில் முதல் வேலையாக லாக்கைத் திறந்தேன். மார்ச் 4, மணி 08:40, இரண்டாம் நம்பர் கணினி. ரெஜிஸ்டரிலும் இருக்கிறது: செல்லக்கனி, இரண்டாம் நம்பர், எட்டரையிலிருந்து ஒன்பது. எல்லாம் சரியாகத்தான் பொருந்துகிறது. பிறகு ஏன் அவள் இல்லை என்கிறாள்?

பிறகுதான் என் சட்டைப்பையிலிருந்த ஃபோனைப் பார்த்தேன். மணி பத்து இருபத்தைந்து. லாக்கின் கடைசி வரியைப் பார்த்தேன். 04:55.

ஃப்ரேம்வொர்க்கில் நேர மண்டலம் என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. நாமாக மாற்றாவிட்டால் அது உலகப் பொது நேரத்திலேயே ஓடும். நம் மணிக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எல்லோரும் கற்றுக்கொள்கிற விஷயம். நான் மாற்றவில்லை. எட்டு நாற்பதுக்கு வந்த குறை எட்டு நாற்பதுக்கு வரவில்லை; மதியம் இரண்டு பத்துக்கு வந்தது.

ரெஜிஸ்டரில் இரண்டு மணிக்கு இரண்டாம் நம்பர் கணினியில் வேறொரு பெயர் இருக்கிறது. அதை இங்கே எழுதமாட்டேன்.

நேர மண்டலத்தை மாற்றினேன். டீபக்கை எடுத்துவிட்டு வார்னிங்கில் வைத்தேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. விசைப்பலகையைச் சுவரில் அடித்து உடைத்தேன். எழுத்துகள் அறை முழுக்கச் சிதறின. ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குப்பையில் போட்டேன்.

என் கவனக்குறைவு. பெரிய தவறு. ஒரு வரி. எரர்.

மார்ச் 10, திங்கள்

ரெஜிஸ்டரில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். கேன்டீன் அடுப்பில் போட்டேன். சமையல்காரர் என்ன பேப்பர் என்றார். பழைய பில் என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

அமலிதான் எழுதுகிறாள், நான் சொல்லச் சொல்ல. எனக்கு வலது கண் திறக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கண்ணப்பன் வந்தான். இந்த முறை நாற்காலியில் உட்காரவில்லை. கதவைத் தாழ்ப்பாள் போட்டான்.

"ஏம்ப்பா கம்ப்யூட்டரு. ஜி.எம். ஃபோன்ல அந்த மெயில் ரெண்டு பத்துக்கு வந்திருக்கு. நீ எட்டு நாப்பதுன்ன. எதுடா சரி?"

"கம்ப்யூட்டர் டைம் கொஞ்சம்..."

"அப்ப அந்தக் கழுத எழுதல. வேற எவளோ எழுதிருக்கா. ரெண்டு பத்துக்கு யாரு இருந்தா? ரெஜிஸ்டர்ல அந்தப் பக்கத்தக் காணோம். எங்க?"

ஒரு பெயர் வாய் வரைக்கும் வந்தது. அதையும் எழுது அமலி. வந்தது. சொல்லியிருந்தால் போயிருப்பான். எனக்குப் பயம் அப்படி.

"அது நான் போட்டதுண்ணே" என்றேன். "டெஸ்டிங். நீளமா எழுதுனா சர்வர் விழுதான்னு பாக்க, நானே ரெண்டாம் நம்பர்ல ஒக்காந்து அடிச்சேன்."

"பொய் சொல்லாத."

மனப்பாடமாக இருந்ததை ஒப்பித்தேன். ஏழாம் நம்பர் மெஷினிலிருந்து கடைசி வரி வரைக்கும், ஒரு வார்த்தை விடாமல். ரத்தம் பஞ்சில் பட்டதற்கு மறுபடியும் மோதினார் என்று முடித்தபோது நம்பிவிட்டான்.

முதல் அடி காதில். அதற்குப் பிறகு இடது காதில் எதுவும் கேட்கவில்லை. கீழே விழுந்ததும் மேசைக்கடியில் இருந்த இரும்புக் குழாயை எடுத்தான், நான் பெருச்சாளிக்கு எடுத்த அதே குழாய். தோளில் ஒன்று, விலாவில் இரண்டு. வாயை மூடியிருந்தால் பல் போயிருக்காது. நான் எதையோ சொல்லிக்கொண்டிருந்தேன். மானிட்டரைத் தூக்கி என் முழங்கால் மேல் போட்டான். கண்ணாடி காலுக்குள் இறங்கியது. மூச்சு வாங்க நின்றான். என் சட்டையிலேயே கையைத் துடைத்தான்.

"சொல்லிருந்தா அந்தப் புள்ளைக்கிக் கையாச்சும் மிஞ்சிருக்கும்லடா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அமலி எழுதுவதை நிறுத்திவிட்டாள். என்ன படி போடுவது என்று கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 13, வியாழன்

நானே எழுதுகிறேன், கோணல்மாணலாக. விலாவில் கட்டு. இரண்டு பல் இல்லை. இடது காது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மதியம் அமலி செல்லக்கனியைக் கூட்டிவந்தாள். இருபத்து மூன்று வயதுக்கு மேல் இருக்காது. வலது கை முழங்கைவரை மாவுக்கட்டு. அறுந்த நூலை இரண்டு விரலால் பிடித்து ஒரு நொடியில் முறுக்கிச் சேர்ப்பதுதான் அவள் வேலை. அந்த இரண்டு விரலும் இனி மடங்காது. அவள் என் வலது காதுப் பக்கமாக ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எழுதுனவளக் காட்டிக் குடுக்காம நீங்க அடி வாங்குனீயளாம். அக்கா சொன்னாவ."

அந்த வார்த்தை எனக்குத் தேவைப்பட்டது. உடனே எல்லாவற்றையும் விளக்க ஆரம்பித்தேன். உலகப் பொது நேரம், நம் நேரம், ஐந்தரை மணி வித்தியாசம், மாற்றாமல் விட்ட ஒரு வரி. நோட்டை வாங்கிக் கடிகாரம்கூட வரைந்து காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப கடியாரம் தப்பா ஓடுனதால எம் பேரு வந்துட்டுன்னு சொல்லுதீய."

"ஆமாம்மா. என் தப்புதான். என்னை மன்னிச்சிரும்மா."

"சரியா ஓடியிருந்தா?"

எனக்குப் புரியவில்லை.

"சரியா ஓடியிருந்தா, எழுதுனவ கையத்தான ஒடிச்சிருப்பாவ. அப்ப ஒங்க பக்கம் தப்பே இருந்திருக்காது, இல்லையா சார்?"

நான் அமலியைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மைக்கப் புடிச்சு நீங்கதான சொன்னீய, ஒங்களுக்கே தெரியாதுன்னு. நான் மொத வரிசைல ஒக்காந்து கை தட்டுனேன்" என்றாள். இடது கையால் ஸ்டூலை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 14, வெள்ளி

காலை எட்டு மணிக்கு ஜி.எம். ஃபோன்.

"சகா, தொழிலாளர் துறைல இருந்து ஆள் வருது. ஒனக்கும் அந்தப் பொண்ணுக்கும் ஆனது ஆக்ஸிடென்ட். லாக்கு கேட்டா, பத்து நாளைக்கு மேல இருக்காது, தானா அழிஞ்சிரும்னு சொல்லிரு. அப்படித்தான வச்சிருக்க? ஒன் பேரும் அதுல இருக்குல்ல, யோசிச்சுக்க."

அப்படித்தான் வைத்திருக்கிறேன். நாலாம் தேதி லாக் இன்றோடு போய்விடும். ஐந்தாம் தேதியுடையது நாளை. நான் சும்மா படுத்திருந்தால் போதும். என் பெயர் இருக்கும் வரியும் அதோடு போய்விடும். நான் நல்லவனாகவும் இருக்கலாம். ஒரு பெண்ணைக் காட்டிக்கொடுக்காமல் அடி வாங்கியவன்.

அமலியின் லேப்டாப்பைக் கொண்டுவரச் சொல்லி, படுத்தபடியே சர்வருக்குள் போய் ரொட்டேஷனை நிறுத்தினேன். ஃபைல்களை ஒரு பென் டிரைவில் ஏற்றினேன்.

பதினோரு மணிக்கு அதிகாரி அம்மா வந்தார். பென் டிரைவைக் கொடுத்தேன். ஒவ்வொரு வரியிலும் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளச் சொன்னேன். மார்ச் 5, மணி 11:05 என்று இருக்கும் வரியைத் திறந்து காட்டினேன். அதாவது மாலை நாலு முப்பத்தைந்து. லாக் வெளியே எடுக்கப்பட்டது, எடுத்தவர் சகாயராஜ்.

"நீங்களேதானா?" என்றார்.

"நானேதான்மா."

"அந்தக் குறைய எழுதுனது யாரு?"

"யாரு எழுதுனாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன்.

அவர் போன பிறகு இந்த நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். கேட்கப்பட்டன, தரப்பட்டன, பார்க்கப்பட்டது. அந்த வரிகளில் ஓரிடத்திலும் நான் இல்லை. இரண்டு பக்கங்களை அடித்துவிட்டுத் திருத்தி எழுதுகிறேன்.

மார்ச் 5, புதன். கண்ணப்பன் வந்து உட்கார்ந்தான். "எவளுன்னு மட்டும் காட்டு, இனிமே எழுதக் கை இருக்காது" என்றான். நான் சிரித்தேன். லாக்கை எடுத்துக் கொடுத்தேன். ரெஜிஸ்டரைத் திறந்து, செல்லக்கனி என்ற பெயரின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். டீ குடித்தேன். கிரிட்டிக்கல்.

மார்ச் 6, வியாழன். செல்லக்கனியைக் குடோனுக்குக் கொண்டுபோனார்கள்; அது என் அறைக்கு அடுத்த சுவர். மூன்று அடி. மூன்றையும் எண்ணினேன். முதல் அடி விழுந்ததும் எழுந்து ஃபேனை ஐந்தில் வைத்தேன். அதற்கு மேலும் கேட்டது. கிரிட்டிக்கல்.